கடன் பற்றிப் பேசப் போய் கதை சொல்லப் பழகினேன்

ஊரில் ஒரு சங்கத்தில் சேர்ந்தால் என்றாவது ஒரு நாள் மைக்கைக் கையில் தந்துவிடுவார்கள். எழுதப் படிக்கத் தெரிந்த பெண் என்றால் இன்னும் கெதியில் தருவார்கள். எனக்கு அது மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் ஒரு மாதர் சங்கத்துக்குச் செயலாளராகத் தெரிவான பிறகு நடந்தது. நுண்கடன், அதாவது கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து அறவிடும் சின்னக் கடன், எடுத்து நொந்துபோயிருக்கிற பெண்களுக்கும், இனி எடுக்கப் போகிறவர்களுக்கும் ஊர் ஊராகப் போய் விளங்கப்படுத்த வேண்டும் என்று கூட்டத்தில் தீர்மானம் எடுத்தார்கள். "செயலாளர் தானே, நீங்களே பேசுங்க" என்று அதோடு முடித்தும் விட்டார்கள். எப்படிப் பேசுவது என்று சொல்லித்தர ஒருவரும் இல்லை. வீட்டுக்காரர் கட்டாரில், பிள்ளைகள் சின்னவர்கள். இரவில் யாரிடம் கேட்பது? அன்று ஒருவர் எனக்கு இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு நல்ல தொகைக் காசும் பல இரவு நித்திரையும் மிஞ்சியிருக்கும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதல் கூட்டத்துக்கு நான் ஆயத்தப்பட்ட மாதிரி வேறு யாரும் ஆயத்தப்பட்டிருக்க மாட்டார்கள். 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம், 2018இல் வறட்சி பாதித்த மாவட்டப் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட கடன்களுக்கு அரசாங்கம் அறிவித்த நிவாரணம், வட்டி வீதம் கணக்கிடும் முறை, எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி, முக்கியமானதைச் சிவப்புப் பேனையால் கோடிட்டுக் கொண்டு போனேன். பல்நோக்கு மண்டபத்தில் கதிரைகள் நிறைந்துதான் இருந்தன. தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் பின்வரிசையில் மெதுவான கதை தொடங்கிற்று. ஒரு பிள்ளை அழுதது, தாய் தூக்கிக்கொண்டு வெளியே போனாள், திரும்பி வரவில்லை. நான் சட்டத்தின் பிரிவுகளைச் சொல்லிக்கொண்டிருந்தபோது நடுவரிசையில் ஒரு அக்கா எழும்பி, "வரவுக்கு எங்க கா கையெழுத்து வைக்கிற?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை. ஆடு மாடு பார்க்கப் போக வேண்டிய நேரம் அவருக்கு. அதுதான் எனக்கு இன்னும் தாங்க முடியாமல் இருந்தது. நான் சொல்வது அந்த மனுசிக்குத் தேவையான விஷயம், அவர் வீட்டு வாசலுக்கே கிழமைக்கொரு தரம் கடன் அறவிடுகிறவன் வருகிறான், ஆனாலும் என் வாயிலிருந்து வந்தபோது அது அவருக்குச் சொந்த விஷயமாகத் தெரியவில்லை. அன்று இரவு சோறு இறங்கவில்லை.

பிறகுதான் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு இடத்தில் பேச்சுப் பயிற்சி வகுப்பு நடக்கிறது என்று கேள்விப்பட்டு, சீட்டு விழுந்த காசில் 28,000 ரூபா கட்டிச் சேர்ந்தேன். சனிக்கிழமைகளில் வகுப்பு. எனக்குத் தையல்தான் வருமானம், அதுவும் தீபாவளிக்கு முந்தின காலம். சட்டை தைக்கத் துணியோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டி வந்தது. அந்த வகையில் 15,000 ரூபாவாவது போயிருக்கும், பஸ் காசு வேறு. வகுப்பில் எப்படி நிற்பது, கையை எங்கே வைப்பது, சபையோரின் நெற்றியைப் பார்ப்பது, ஒரு அறிஞரின் பொன்மொழியோடு தொடங்குவது, அவையை வரிசை தவறாமல் விளிப்பது இதெல்லாம் சொல்லித் தந்தார்கள். மைக்கை வாயிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடிப்பது, மூச்சை எங்கே விடுவது என்பது உண்மையில் உதவியது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் முடியும்வரை ஒருவரும் "நீங்கள் யாரிடம், எதைப் பற்றிப் பேசப் போகிறீர்கள்" என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் ஒரே தலைப்புகள்: நேரத்தின் அருமை, ஒற்றுமையின் பலம். கடைசி நாளில் ஒரு சான்றிதழும் படமும்.

இப்படியான வகுப்புக்குக் காசு கட்ட முதல் மூன்று விஷயம் கேட்டுப் பாருங்கள். என் சொந்த விஷயத்தையே வகுப்பில் பேசிப் பழகலாமா? பேசி முடிந்ததும் எந்த இடத்தில் கேட்பவருக்கு மனம் விலகியது என்று ஒருவர் எனக்குச் சொல்வாரா? காசு கட்ட முதல் ஒரு நாள் சும்மா வந்து இருந்து பார்க்கலாமா? மூன்றுக்கும் ஓம் என்று சொன்னால் போங்கள். இல்லையென்றால் அந்தக் காசுக்கு ஒரு தையல் மெசினைத் திருத்தலாம்.

வகுப்பு முடிந்த சூட்டோடு வாவிக்கு அக்கரையில், படுவான்கரையில் ஒரு கூட்டம். பட்டிருப்புப் பாலத்தால் அக்கரைக்குப் போய், அங்கிருந்து ஒரு ஓட்டோ பிடித்துப் போனேன். பொன்மொழி சொன்னேன், கையை அசைத்தேன், குரலை ஏற்றி இறக்கினேன். முன்னரைவிட மோசம். முன்பு பேசியது நான், இப்போது பேசியது யாரோ. பெண்கள் மரியாதையாகக் கை தட்டினார்கள், கிறுகிப் போய்விட்டார்கள்.

திரும்பி வர பஸ்சுக்கு நிற்கும்போது கண்டதுதான் எனக்குக் கண் திறந்த இடம். மண்டபத்தில் என் முன்னால் கொட்டாவி விட்ட அதே பெண்கள் வேப்பமரத்தடியில் வட்டமாகக் கூடி நின்றார்கள். நடுவில் ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கதைத்துக்கொண்டு நின்றாள். ஒருவரும் அசையவில்லை. நான் கிட்டப் போய் நின்று கேட்டேன். அவள் சொன்னதும் நான் சொன்ன அதே கடன் கதைதான். ஆனால் அவள் கடனிலிருந்து தொடங்கவில்லை. "அண்டைக்கு மழை கா. விறகெல்லாம் ஈரம். அடுப்பை ஊதிக்கொண்டு இருக்கன், மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது. வந்தவன் ஹெல்மெட்டக் கழட்டித் திண்ணையில வச்சான். அந்த ஹெல்மெட்ட வச்ச விதத்திலயே எனக்கு விளங்கிட்டு, இவன் இப்ப போற ஆள் இல்ல எண்டு. மறுகா பொழுதுபடும்வரைக்கும் இருந்தான். ஒண்டும் ஏசல்ல. சும்மா இருந்தான். பக்கத்து வீட்டு ஆக்கள் எல்லாம் வேலிக்கு மேலால பாக்காங்க."

அவ்வளவுதான். வட்டி வீதம் இல்லை, சட்டம் இல்லை. கேட்டுக்கொண்டு நின்ற ஒருத்தி, "எனக்கும் அப்பிடித்தான் கா" என்றாள். பஸ் வந்தது, நான் ஏறவில்லை, அடுத்த பஸ்சில் போனேன்.

வீட்டுக்கு வந்து அவள் செய்ததை ஒவ்வொன்றாகப் பிரித்து எழுதினேன். அவள் "பெண்கள்" என்று பொதுவாகச் சொல்லவில்லை, ஒரு ஆளைச் சொன்னாள். "அடிக்கடி வருவார்கள்" என்று சொல்லவில்லை, ஒரு நாளைச் சொன்னாள். பிரச்சினை வாசலுக்கு வந்து நிற்கும் நேரத்திலிருந்து தொடங்கினாள். கண்ணால் காணக்கூடிய ஒரு பொருளைக் காட்டினாள். ஹெல்மெட்டைக் கண்ட பிறகு "மிரட்டல்" என்ற சொல்லே தேவைப்படவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது என்று அவள் சொல்லவில்லை, வேலிக்கு மேலால் பார்த்தவர்களைச் சொன்னாள். வெட்கத்தைக் கேட்டவர்கள் தாங்களே உணர்ந்துகொண்டார்கள். இனிப் பேசப் போகிற யாரும் இந்த ஒன்றையாவது பிடித்துக்கொள்ளுங்கள். உணர்ச்சியின் பெயரைச் சொல்லாதீர்கள், அதை உண்டாக்கிய சங்கதியைச் சொல்லுங்கள். "மிகவும் வேதனையான சம்பவம்" என்று தொடங்கினால் சபை வேதனைப்பட ஒன்றும் மிஞ்சாது.

அதோடு, இதெல்லாம் நமக்குத் தெரியாத வித்தை இல்லை என்ற எண்ணமும் வந்தது. கூத்துக் களரியைச் சுற்றி விடிய விடிய இருந்து வளர்ந்தவர்கள் நாங்கள். கட்டியகாரன் முதலில் வந்து ராசா வரப்போகிறார் என்று சொல்லிவிட்டுப் போவான். ராசா வருமுன்னமே சபை ராசாவுக்காகக் காத்திருக்கும். ஒரு கதையில் ஆள் வருமுன் அவருக்காகக் கேட்பவரைக் காக்க வைக்க வேண்டும் என்பதை மத்தளச் சத்தத்தோடு சேர்த்தே படித்திருக்கிறோம். பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் திருவிழாவைப் பாருங்கள். பதினெட்டு நாள் நடக்கிறது. பாண்டவர் வனவாசம் போவார்கள், திரும்பி வருவார்கள், கடைசியில் தீ மிதிப்பு என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தெரிந்தும் வனவாசம் போகிற நாளில் தெருவெல்லாம் சனம் நிற்கிறது. முடிவு தெரிந்த கதைக்கும் ஆட்கள் வருவார்கள், அது எப்படி நடந்தது என்று கிட்ட நின்று பார்க்க வருவார்கள். கடன் கதையின் முடிவும் எங்கள் பெண்களுக்கு முன்னமே தெரியும். நான் முடிவைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கண்ணகியிடமிருந்து எடுத்தது வேறு. செட்டிபாளையத்திலும் காரைதீவிலும் தம்பிலுவிலிலும் வைகாசியில் அம்மனுக்குச் சடங்கு நடக்கிறது. பாண்டியன் சபையில் அவள் வழக்குரைத்த காட்சியைப் பள்ளிக்கூடத்திலும் படித்திருக்கிறோம். அதைப் பேச்சாக வைத்துப் பார்த்தேன். நீ யார் என்று அரசன் கேட்கிறான். அவள் உடனே புருசனைப் பற்றிச் சொல்லவில்லை. புறாவுக்காகத் தன் தசையை அறுத்துக் கொடுத்தவன், கன்றை இழந்த பசுவுக்காகத் தன் மகனையே தேர்க்காலில் இட்டவன் என்று இரண்டு அரசர்களை நினைவூட்டி, அவர்கள் இருந்த ஊர் என் ஊர் என்கிறாள். இரண்டு கதையும் இரண்டு மூன்று வரிதான். நீதி என்றால் என்ன என்ற அளவுகோல் சபைக்குள் வந்துவிட்டது. பிறகுதான் கோவலனின் பெயர், தன் பெயர். பிறகு சான்று: என் சிலம்புக்குள் மாணிக்கம் என்கிறாள், எங்கள் சிலம்புக்குள் முத்து என்று அரசனே சொல்கிறான். உடைக்கிறாள். அழுதுகொண்டு வந்தவள்தான், ஆனாலும் வரிசை பிசகவில்லை. அதிகாரிகள் முன்னால் பேச வேண்டி வந்தால் இதே வரிசையைப் பிடிக்கிறேன். முதலில் நீதி இப்படித்தான் இருக்க வேண்டும் என்று காட்டும் ஒரு குட்டிச் சம்பவம், பிறகு ஒரு ஆள், பிறகு கையில் தூக்கிக் காட்டக்கூடிய ஒன்று. பெரும்பாலும் அது கடன் தவணை குறிக்கிற அட்டை. பிரதேச செயலகக் கூட்டத்தில் உங்களுக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் கிடைக்காது. அதற்குள் இது அடங்கும். கடைசியில் என்ன வேண்டும் என்று ஒரே ஒரு கோரிக்கை. மூன்று கேட்டால் மூன்றையும் குறித்துக்கொண்டு மறந்துவிடுவார்கள்.

கதை சொன்னால் கணக்கை விட்டுவிட வேண்டும் என்று நினைக்காதீர்கள். கணக்கையும் கண்ணால் காண வைக்கலாம். 50,000 ரூபா கடன், வருடத்துக்கு 24 வீத வட்டி, 52 கிழமையில் கட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 62,000, கிழமைக்கு 1,200க்குச் சற்றுக் குறைய. கேட்க ஞாயமாகத்தான் இருக்கும். நான் இப்போது ஒரு பையில் ஐம்பது புளியங்கொட்டை கொண்டு போகிறேன். முன்வரிசையில் ஒருவரைக் கூப்பிட்டு இரண்டு கையிலும் கொட்டி, "ஒண்டு ஆயிரம் ரூபா" என்று சொல்வேன். ஒவ்வொன்றாகத் திருப்பித் தரச் சொல்வேன். பாதி வருடத்தில் அவர் கையில் இருபத்தைந்துதான் இருக்கும். "இப்ப உங்கட கையில எவ்வளவு இருக்கு? வட்டி எவ்வளவுக்குக் கட்டுறீங்க?" ஐம்பதுக்குத்தான் கட்டுகிறார். கடைசிக் கிழமையில் கையில் ஒரு கொட்டைகூட முழுசாக இல்லை, வட்டி மட்டும் முதல் கிழமை கட்டிய அதே 230 ரூபா. இந்த இடத்தில் நான் வாயை மூடிக்கொள்வேன். யாராவது ஒருவர் தானாகச் சொல்வார், "அப்ப இது இருவத்திநாலு இல்லயே!" உண்மையான வட்டி வருடத்துக்கு 44 வீதத்தை ஒட்டி வருகிறது என்று அதற்குப் பிறகு சொன்னால் அந்த எண் அவர்கள் வீடுவரை போகும். முதல் கூட்டத்தில் இதே எண்ணைத்தான் சிவப்புக் கோடிட்டுச் சொன்னேன், ஒருவருக்கும் நினைவில்லை. சொல்லிவிட்டுச் சும்மா நிற்பது பழகக் கடினமான காரியம். சபை அமைதியானால் நெஞ்சு அடிக்கும், ஏதாவது சொல்லி நிரப்பச் சொல்லும். நிரப்பாதீர்கள். அந்த நேரத்தில்தான் அவர்கள் தங்கள் வீட்டுக் கணக்கைப் பார்க்கிறார்கள்.

இனி எழுதப் போவதை மற்ற எல்லாவற்றையும்விடக் கவனமாக வாசியுங்கள். கதை அடுத்தவருடையது. ஒரு முறை வெளியிலிருந்து வந்த ஒரு பேச்சாளர் எங்கள் அயலூர்ப் பெண் ஒருவரின் கதையை அந்த ஊரிலேயே மேடையில் சொன்னார். பெயரைச் சொல்லவில்லைதான். ஆனால் எத்தனை பிள்ளை, புருசன் எங்கே, எந்த நகை அடகில் என்று எல்லாம் சொன்னார். சபையில் இருந்த எல்லோரும் ஒரு பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் அங்கேதான் இருந்தார். அதற்குப் பிறகு நெடுநாள் அவர் சங்கத்துக்கு வரவில்லை, கோயிலுக்கும் இருட்டிய பிறகுதான் போவார். பேச்சாளருக்குக் கைதட்டு கிடைத்தது. நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் நான் வைத்திருக்கும் ஒழுங்கு இது. கதைக்குரியவரிடம் போய், "இதச் சொல்லட்டா, எங்க எங்க சொல்லலாம்?" என்று கேட்பேன். சொல்லப் போகிற மாதிரியே அவருக்கு ஒரு தரம் சொல்லிக் காட்டுவேன். வேண்டாம் என்ற இடத்தை வெட்டிவிடுவேன், அதுதான் கதையின் உச்சமாக இருந்தாலும். ஊர், பிள்ளைகள், தொழில் எல்லாம் மாற்றி, "சிலதை மாத்திச் சொல்றன்" என்று சபைக்கும் முதலே சொல்லிவிடுவேன். அவருடைய சொந்த ஊரில் அந்தக் கதையைச் சொல்லவே மாட்டேன். வேப்பமரத்தடிப் பெண்ணிடமும் பிறகு தேடிப் போய்க் கேட்டுத்தான் ஹெல்மெட் கதையை எடுத்தேன். "சொல்லுங்க கா, ஆனா என்ர புள்ளையளப் பத்திச் சொல்லாதீங்க" என்றார். சொல்வதில்லை. கடனால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் கதை கேட்பவர் மனதைச் சட்டென்று பிடிக்கும், சொல்லச் சொல்லிக் கேட்பவர்களும் உண்டு. நான் சொல்வதில்லை. சபையில் அதே நிலையில் ஒருத்தி இருக்கக் கூடும், அவளுக்கு வேறு வழி உண்டு என்ற கதைதான் தேவை. கூட்டம் முடியுமுன் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தைப் பலகையில் எழுதிவிடுவேன், ஏன் என்று நீட்டி விளக்காமல்.

சொந்தக் கதை சொல்வதிலும் ஒரு எல்லை இருக்கிறது. என் தாலிக்கொடி அடகில் இருந்த காலத்தைப் பற்றி இப்போது சொல்கிறேன். மீட்டு எடுக்கும்வரை சொல்லவில்லை, சொல்ல முடியவும் இல்லை. குரல் உடைந்தால் சபை நமக்கு ஆறுதல் சொல்லத் தொடங்கிவிடும், வந்த காரியம் நின்றுவிடும்.

பழகும் முறைக்குப் பெரிய செலவு ஒன்றும் இல்லை. முழுப் பேச்சையும் எழுதாதீர்கள், எழுதினால் வாசிக்கத்தான் வரும். முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் மட்டும் பாடமாக்குங்கள், நடுவில் நடந்ததை நடந்த வரிசையில் சொல்லுங்கள். சமைத்துக்கொண்டே மச்சாளுக்குச் சொல்லிப் பாருங்கள். எந்த இடத்தில் அவர் கறியைக் கிண்டுவதை நிறுத்துகிறார் என்று பாருங்கள், அதுதான் உங்கள் கதையின் உயிர். போனில் பதிந்து கேளுங்கள். என் முதல் பதிவில் கதை தொடங்கவே நாலு நிமிடம் போயிருந்தது, எல்லாம் முன்னுரை. இப்போது கதை ஐந்து நிமிடத்துக்குள் முடியும். வீட்டில் கதைக்கிற தமிழிலேயே பேசுங்கள். காத்தான்குடி, கல்முனைப் பக்கம் முஸ்லிம் பெண்களும் இருக்கும் கூட்டம் என்றால் கண்ணகியை விட்டுவிட்டுப் புளியங்கொட்டையோடு போவேன், அது எல்லோர் குசினியிலும் இருக்கிறது. முடிந்தால் கதிரைகளை அரை வட்டமாகப் போடச் சொல்லுங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கும்போது "எனக்கும் அப்பிடித்தான்" என்ற சொல் தானாக வரும். மைக் வேலை செய்யாவிட்டால் கவலை வேண்டாம், கீழே இறங்கி நடுவில் நில்லுங்கள்.

கதை முடிந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும், இல்லையென்றால் கண்கலங்கி எழும்பிப் போவதோடு முடிந்துவிடும். நான் சொல்வது இது: கையெழுத்து வைக்க முதல் மொத்தமாக எவ்வளவு கட்ட வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், எழுதித் தராவிட்டால் எழும்பி வாருங்கள். அண்மையில் ஒரு ஊரில் ஒரு இளம் பிள்ளை அப்படிக் கேட்டாளாம், வந்தவர் நாளைக்குக் கொண்டு வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லையாம். அவளே சங்கத்துக்கு வந்து சொன்னாள். அவளுடைய அனுமதியோடு அதையும் இப்போது சொல்கிறேன்.

இன்னொன்று. கூட்டம் முடிந்தவுடன் வரும் பஸ்சைப் பிடிக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள். நல்ல கதை ஒன்று சொன்னால் முடிந்த பிறகு இரண்டு மூன்று பேர் கதிரை அடுக்குகிற சாட்டில் நிற்பார்கள். அவர்கள் உங்களிடம் தங்கள் கதையைச் சொல்ல நிற்கிறார்கள். கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கேளுங்கள். பெயர், தொகை, கடன் கொடுத்த இடம் எல்லாம் அவர்கள் சம்மதித்தால் பிறகு எழுதலாம். எனக்கு அதற்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் போகிறது, அதனால் கூட்டத்தை நாலு மணிக்குப் பதில் மூன்று மணிக்கு வைக்கச் சொல்கிறேன்.